தகடு வைத்து அடைக்கும் பழுது

செஞ்சிக் கோட்டையின் ஊடாக ஒரு நெடுஞ்சாலை போகிறது. திண்டிவனத்தில் தொடங்கித் திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி சென்று சேரும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி மலை, நடுவே வண்டிகள். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலா எனும் நிலக்கடலையும் ஏற்றிவரும் 'சின்ன யானை' எனும் சிறு சரக்கு வண்டிகளின் வரிசை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சிதான். இனி இந்தச் சாலைக்கு வரும் வண்டிகள் கூடத்தான் போகின்றன. அவற்றின் சைலன்சரிலிருந்து என்ன வருகிறது என்ற கேள்வியை, கண்ணுக்குத் தெரியும் கரும்புகையோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை.

டீசல் இன்ஜினில் கைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு பாகம் இருக்கிறது. இ.ஜி.ஆர். வால்வு என்பார்கள். எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்புவது அதன் வேலை. பிக்கப் இல்லை, கரும்புகை தள்ளுகிறது, செக் லைட் எரிகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், ஊர் ஊராக டீசல் பட்டறைகளில் கிடைக்கும் யோசனை ஒன்றே: "இ.ஜி.ஆர். அடைச்சிருக்கு சார். ஒரு தகடு வெச்சு பிளாக் பண்ணிடலாம், வண்டி சும்மா பறக்கும்." வால்வுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சின்ன இரும்புத் தகட்டைச் செருகி, நான்கு போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. சிலர் அந்தத் தகட்டில் சிறு துளை ஒன்றும் போடுகிறார்கள், வண்டியின் கம்ப்யூட்டர் ஏமாறட்டும் என்று. அரை மணி நேர வேலை, கையில் வண்டி. இந்தத் தகட்டைப் பழுதுபார்ப்பு என்று ஏற்கக் கூடாது என்பதே என் வாதம். ஆனால் குற்றத்தை மெக்கானிக்கின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போகவும் முடியாது. சரியான வேலையைச் செய்கிறவருக்கு ஆதாயமும் தப்பான வேலையைச் செய்கிறவருக்குத் தடையும் இல்லாத ஏற்பாட்டை நடத்திவருவது அரசு.

அந்த வால்வு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. இன்ஜினுக்குள் தீயின் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறுகிறது. டீசல் இன்ஜினில் அழுத்தமும் அதிகம், காற்றும் தாராளம். ஆகவே இந்த வாயுவும் அதிகம். எரிந்த புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து உள்ளே கலந்துவிட்டால் ஆக்சிஜன் குறைகிறது. புகையிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. தீயின் உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடு பாதிக்குப் பாதிகூடக் குறையும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் பரவலான இந்த எளிய உத்தியை நம்பித்தான் இந்தியாவின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் படிப்படியாக இறுகின. டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ்-3) விதியில் 0.50 கிராம்; 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.-4 விதியில் 0.25 கிராம், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதியில் 0.08 கிராம். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அந்த வால்வுக்கு உண்டு. தகடு வைத்தவுடன் பத்து, பதினைந்து ஆண்டு முன்னேற்றம் அந்த வண்டியைப் பொறுத்தவரை அழிந்துபோகிறது.

வண்டிக்காரரின் புகார் பொய்யில்லை. இ.ஜி.ஆர். அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது, அதுவும் நம் ஊர்ச் சாலைகளில் சீக்கிரமே. திரும்பி வரும் புகையில் கரித்துகள் இருக்கிறது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ஆவியாகக் கிளம்பும் ஆயிலும் அதே இன்டேக் குழாய்க்குத்தான் வருகிறது. கரியும் ஆயிலும் சேர்ந்தால் தார்போல ஒட்டிக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த வால்வு எப்போது திறக்கிறது என்பது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து மேடு ஏறும்போது அது மூடிக்கொள்ளும். பாதி மிதித்து மெதுவாக உருளும்போதுதான் நன்றாகத் திறந்திருக்கும். பௌர்ணமி இரவில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தே திருவண்ணாமலையைத் தொடும் வாடகைக் காரையும், கூட்ரோட்டிலிருந்து பக்கத்துக் கிராமங்களுக்கு நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும் சரக்கு வண்டியையும் நினைத்துப் பாருங்கள். புகையில் போதிய சூடு ஏறுவதே இல்லை. வால்வு மூடுவதும் அரிது. கரி படிய இதைவிட வசதி வேண்டியதில்லை. இப்படி ஓடும் வண்டியின் இ.ஜி.ஆர்., நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியின் இ.ஜி.ஆரைவிட முன்னதாகவே கவனிப்பைக் கேட்கும். நிறுவனத்தின் சர்வீஸ் அட்டவணை இந்த ஊரின் ஓட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதில்லை.

கவனிப்பு என்பது கழற்றுவதில் தொடங்கக் கூடாது, கண்டுபிடிப்பதில் தொடங்க வேண்டும். இ.ஜி.ஆர். பழுது இரண்டு விதம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர். வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், தேவையில்லாத நேரத்திலும் புகை உள்ளே போகும்: ஐட்லிங்கில் இன்ஜின் குலுங்கும், அணைந்தும் போகும், இழுவை செத்துவிடும், கரும்புகை தள்ளும். மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. செக் லைட் எரியலாம், இன்ஜின் சத்தம் சற்றுக் கடுமையாகலாம், இ.ஜி.ஆர். உள்ள பெட்ரோல் கார் என்றால் ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்கலாம். அவ்வளவுதான். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் கூடிக்கொண்டிருக்கும். ஸ்கேன் போட்டால் கோளாறு எண் சொல்லும்: பி 0401 என்றால் புகை போதிய அளவு திரும்பவில்லை, பி 0402 என்றால் அளவுக்கு மீறித் திரும்புகிறது, பி 0403 என்றால் மின் இணைப்பில் கோளாறு. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பி 0401 என்ற எண்ணைப் பார்த்ததும் வால்வு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த எண் வால்வைக் குற்றம்சாட்டவில்லை. புகை வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. வழியில் குழாய் அடைத்திருக்கலாம், வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், அந்த வேக்குவத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு வேலை செய்யாமல் இருக்கலாம், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்து அது பொய்க்கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பிக்கப் இல்லாத எல்லா வண்டிக்கும் இ.ஜி.ஆர்.தான் காரணம் என்பதும் இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டீசல் ஃபில்டர் மாற்றும் காலம் கடந்திருந்தாலும், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் அதே கரும்புகை, அதே இழுவைக் குறைவு. ஹோஸ் கிழிந்த வண்டிக்கு இ.ஜி.ஆரில் தகடு வைத்தால் புகை கொஞ்சம் குறைந்ததுபோல் தெரியும், கிழிசல் அப்படியே இருக்கும். பின்னால் டர்போ செலவு வந்து நிற்கலாம். நல்ல மெக்கானிக் என்ன செய்வார் என்றால், வேக்குவத்தில் இயங்கும் வால்வாக இருந்தால் கைப்பம்பை மாட்டி அதை இழுத்துப் பார்ப்பார். வால்வின் தண்டு ஏறி இறங்குகிறதா, பம்பை நிறுத்தியதும் வேக்குவம் நிற்கிறதா கசிகிறதா என்று கவனிப்பார். ஐட்லிங்கில் அப்படித் திறந்தால் இன்ஜின் ஓட்டம் மாற வேண்டும். தண்டு அசைந்தும் ஓட்டம் மாறவில்லை என்றால் வால்வு நல்ல நிலையில் இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் வால்வு என்றால் ஸ்கேன் கருவியிலிருந்தே திறக்கவும் மூடவும் கட்டளை கொடுத்து, கேட்ட அளவும் திறந்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். இதற்கு வேண்டியது ஒரு கைப்பம்பு, ஒரு ஸ்கேன் கருவி, அரை மணி நேரப் பொறுமை. தகடு வைக்க ஆகும் நேரமும் கிட்டத்தட்ட இதேதான்.

வெளியில் எங்கும் ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்து, வெண்புகையும் தெரிந்தால் வால்வை விட்டுவிட்டு, புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகிக்க வேண்டும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. 2018-இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துச் சாலையில் தீப்பிடித்து எரிந்தன. கூலரிலிருந்து கசிந்த திரவம் கரிப்படிவோடு சேர்ந்து, சூடான புகை பட்டுத் தீயாகியிருந்தது. உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களை அந்த நிறுவனம் திரும்ப அழைக்க நேர்ந்தது.

கழுவுவது கடினமான வேலையில்லை, கவனமான வேலை. இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வால்வைக் கழற்ற வேண்டும். கரியைக் கரைக்கும் ஸ்ப்ரே, பித்தளைப் பிரஷ், துணி போதும். மின்மோட்டாரும் சென்சாரும் இருக்கும் தலைப்பகுதியைத் திரவத்தில் ஊறப்போடக் கூடாது; தண்டைக் குறடால் பிடித்து முறுக்கக் கூடாது. வால்வோடு நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது. கரி இன்டேக் மேனிஃபோல்டு வரை ஏறியிருக்கும். அதையும் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். பழைய கேஸ்கட்டையே மறுபடி போட்டால் புகை கசியும், ஆகவே புதிது போட வேண்டும். மாட்டிய பின், பல வண்டிகளில், வால்வு முழுதாக மூடியிருக்கும் நிலை எது என்பதை ஸ்கேன் கருவி மூலம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டுவிட்டு, "கழுவியும் சரியாகலை, அதான் அடைச்சுட்டேன்" என்பவர்கள் உண்டு. கடைசியில் கோளாறு எண்ணை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தண்டு தேய்ந்தோ மோட்டார் எரிந்தோ இருந்தால்தான் புது வால்வு. கரி ஏன் இவ்வளவு படிந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்: டர்போ ஆயில் தள்ளுகிறதா, இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கிறதா, வண்டிக்கு விதித்த ஆயில்தான் ஊற்றுகிறார்களா என்று பார்க்காவிட்டால் கழுவிய வால்வு சீக்கிரமே மறுபடி கறுத்துவிடும்.

தகடு வைத்த பின் வண்டி நன்றாக ஓடுகிறதே என்பார்கள். ஓடும்தான். திறந்தே சிக்கிக் கிடந்த வால்வை அடைத்தால் இழுவை திரும்பும். கழுவி மாட்டியிருந்தாலும் அதே இழுவை திரும்பியிருக்கும். தகட்டுக்குக் கிடைக்கும் புகழ் உண்மையில் அடைப்பு நீங்கியதற்கு உரியது. மேடு ஏறும்போது இ.ஜி.ஆர். இன்ஜினின் சக்தியைத் தின்கிறது என்ற பேச்சும் சரியில்லை. முழு ஆக்சிலரேட்டரில் நல்ல வால்வு தானே மூடிக்கொள்ளும் என்பதை மேலே பார்த்தோம். புகையை உள்ளே விடுவது இன்ஜினுக்குக் கெடுதல்தானே என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கரி படிகிறது, மறுக்க முடியாது. மைலேஜும் ஒரு சிறு அளவு குறையலாம். ஆனால் அந்த இன்ஜினின் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலை எந்த நொடியில் தெளிக்க வேண்டும் என்ற கணக்கை, இ.ஜி.ஆர். இருக்கிறது என்று நம்பித்தான் போடுகிறது. அதை அடைத்தால் தீயின் வெப்பம் ஏறும், இன்ஜின் சத்தம் கடுமையாகும், கோளாறு எண் பதிவாகி வண்டி சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளவும் செய்யும். அதைச் சமாளிக்கக் கம்ப்யூட்டரின் மென்பொருளையே மாற்றித் தருகிறவர்களிடம் போக வேண்டியிருக்கும். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு, அதற்கும் ஒரு கட்டணம்.

இதில் ஆபத்தான உண்மை ஒன்று இருக்கிறது. இ.ஜி.ஆரை அடைத்தால் கரும்புகை நிஜமாகவே குறையும். டீசல் இன்ஜினில் கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் தராசின் இரு தட்டுகள். ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும். வண்டிக்காரர் சைலன்சரைப் பார்க்கிறார், புகை இல்லை. ஊருக்கு நல்லதே செய்திருக்கிறோம் என்று நினைக்கிறார். அரசின் சோதனையும் அவருடைய நினைப்புக்கே முத்திரை குத்துகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதியின்படி நடக்கும் புகைச் சோதனையில், டீசல் வண்டியின் ஆக்சிலரேட்டரைச் சில முறை மிதித்து, புகை எவ்வளவு அடர்த்தி என்று ஒளியை வைத்து அளக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. ஆக, இ.ஜி.ஆரைக் கழுவிச் சரியாக வைத்திருக்கும் வண்டியைவிட, தகடு வைத்து அடைத்த வண்டி புகைச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடும். மாசைக் கூட்டியவருக்கு மாசில்லை என்று சான்று தரும் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மெக்கானிக் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182-ஏ பிரிவு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பானட்டுக்குள் ஒரு மூலையில் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் தகட்டை யார் பார்க்கிறார்கள்? சோதிக்கும் கருவி இல்லாத இடத்தில் தண்டனை எழுத்தாகவே இருந்துவிடுகிறது.

செஞ்சி என்ன டெல்லியா, மலைக்காற்று வீசும் ஊரில் பத்து வண்டிப் புகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியில்லை. ஊர் சின்னதுதான், காற்றும் நல்ல காற்றுதான். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடு ஊர்ச் சராசரியைப் பார்த்துக் கெடுப்பதில்லை. சாலையோரம் இட்லிக் கடை வைத்திருப்பவர், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளை, கூட்ரோட்டில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஆகியோரின் மூக்குக்கு நேரே அது வருகிறது. மூச்சுக்குழாயை வீங்கச் செய்கிறது, ஆஸ்துமாவைக் கிளப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதன் ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்தது. 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு, குடியிருப்புப் பகுதிகளுக்கு, இன்னமும் 40. இன்னொன்றும் உண்டு. வெயிலில் இந்த வாயு, எரிபொருள் ஆவி போன்றவற்றோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகிறது. நகரத்துக்குள் புதிதாக வரும் புகையே ஓசோனை ஓரளவு தின்றுவிடுவதால், காற்று வீசும் திசையில் தள்ளியிருக்கும் கிராமங்களில்தான் பெரும்பாலும் ஓசோன் கூடுதலாக நிற்கும். அமெரிக்காவில் 1980-களில் பயிர்களைத் திறந்த கூடாரங்களில் வளர்த்து ஓசோனின் விளைவை அளந்த ஆய்வுகளில், சோயா, கோதுமை, பருத்தியோடு நிலக்கடலையும் மகசூல் இழந்தது. மணிலா போட்டுப் பிழைக்கும் ஒரு வட்டாரம் இதைத் தனக்குச் சம்பந்தமில்லாத நகரத்துப் பிரச்சினையாக நினைக்க முடியாது.

ஒரு வண்டியால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டன. அவை வாழ்நாளில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். ஒழுங்காக ஓடும் வண்டிகள் 90 லட்சத்தைச் சாலையில் புதிதாக இறக்கியதற்குச் சமம் என்றது அறிக்கை. அந்த வண்டிகளில் இ.ஜி.ஆரோடு மற்ற மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் அகற்றப்பட்டிருந்தன, ஆகவே நம் தகட்டை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் சிலர் செய்யும் மாற்றம் பலருடைய ஒழுக்கத்தை எப்படி விழுங்கிவிடுகிறது என்பதை அந்த எண் காட்டுகிறது.

பெரிய நிறுவனங்களே ஏமாற்றின, செஞ்சி ஓட்டுநரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்ற கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2013-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா, மாசு விதிக் குளறுபடியால் 1.14 லட்சம் டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நம் ஊர் வாடகை ஸ்டாண்டுகளில் வரிசையாக நின்ற அதே டவேரா. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் அமெரிக்காவில் பிடிபட்டது. சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்து, சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அது வைத்திருந்தது. இந்தியாவில் அந்த நிறுவனத்துக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கார்களில் மென்பொருள் செய்ததை நம் வண்டியில் தகடு செய்கிறது. அதைக் குற்றம் என்று உலகமே சொன்ன பிறகு, இதை மட்டும் ரிப்பேர் என்று அழைக்க என்னால் முடியவில்லை.

இ.ஜி.ஆர். நம் சாலைக்கும் நம் சீதோஷ்ணத்துக்கும் பொருந்தாத வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சும் அடிக்கடி அடிபடுகிறது. இதற்குச் சென்னையே பதில். 2017-இல் பி.எஸ்.-4 வந்தபோது, கனரக வண்டிகளுக்கு யூரியா கரைசல் தெளிக்கும் முறையைப் பலரும் தேர்ந்தெடுக்க, சென்னையின் அசோக் லேலண்ட் தன் பெரிய இன்ஜின்களுக்கு 'ஐ-இ.ஜி.ஆர்.' என்ற பெயரில் இ.ஜி.ஆர். அடிப்படையிலான அமைப்பையே கொண்டுவந்தது. வழியில் யூரியா தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் பெரிய வசதியாகச் சொல்லப்பட்டது. இந்தியச் சாலையை நன்கறிந்த நிறுவனம், இந்திய ஓட்டுநரை மனத்தில் வைத்துத் தேர்ந்த வழி அது. பொருந்தாமல் இருப்பது பராமரிப்புதான்.

பணம் பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திய பிறகு, பழைய டீசல் கார்கள் கைமாறிக் கைமாறிச் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. அவற்றை வாங்குகிறவர் தவணை கட்டிப் பிழைப்பவர். பல வண்டிகளில் வால்வும் கூலரும் ஒரே தொகுப்பாகத்தான் விற்கப்படுகின்றன. ஒரு சின்ன மோட்டாருக்காக முழுத் தொகுப்பையும் வாங்கச் சொன்னால் அவர் தகட்டைத்தான் கேட்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தனித்தனியாக விற்கவும், அவற்றுக்கு நீண்ட உத்தரவாதம் தரவும் நிறுவனங்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஸ்கேன் கருவியில் வால்வைச் சோதிக்கவும் கழுவிய பின் அதன் மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கவும் சில நாள் பயிற்சியும், கருவி வாங்கக் குறைந்த வட்டிக் கடனும் கொடுத்தால், தகட்டைவிடக் கழுவுவதில் அவர்களுக்கும் வருமானம் அதிகம். இந்த ஊர்களின் கிளைச் சாலைகளில் ஓடும் வண்டியின் வால்வை ஆண்டுக்கு ஒரு முறை கழுவுவது, ஆயில் மாற்றுவதைப் போலச் சாதாரணச் செலவாகிவிடும்.

அரசு செய்ய வேண்டியதில் முதன்மையானது சோதனையைத் திருத்துவது. 2021-இல் மத்திய அரசு விதி வகுத்த தானியங்கி வாகனச் சோதனை நிலையங்கள் தமிழ்நாட்டில் அமையும்போது, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையில், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணையும் ஓ.பி.டி. துளையில் ஸ்கேன் கருவியைச் செருகி, இ.ஜி.ஆர். கோளாறு எண் இருக்கிறதா, நேற்றுத்தான் அழித்துவிட்டு வந்திருக்கிறார்களா என்று பார்ப்பதைச் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். இந்த வசதி இல்லாத பழைய வண்டிகளுக்குக் கைவிளக்கு அடித்து வால்வின் இணைப்பைப் பார்த்தாலே தகடு தெரியும். புகைச் சான்று நிலையங்களில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கும் கருவியை ஒரே நாளில் வைக்க முடியாது. வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் முதலில் தொடங்கலாம். முதல் ஆறு மாதம் அபராதம் வேண்டாம், தகட்டை எடுத்துவிட்டு வர அவகாசம் கொடுங்கள். சோதனையில் தெரிந்துவிடும் என்ற செய்தி பரவினாலே பட்டறையில் பேச்சு மாறும்.

அதுவரை முடிவு வண்டி வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. பழைய டீசல் வண்டி வாங்குகிறீர்களா, இ.ஜி.ஆரில் தகடு இருக்கிறதா என்று பானட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், அடுத்த சர்வீஸில் தகட்டை எடுத்து, வால்வையும் மேனிஃபோல்டையும் கழுவி மாட்டச் சொல்லுங்கள். "பிளாக் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டால், "முதலில் ஸ்கேன் போட்டு என்ன கோளாறு என்று சொல்லுங்கள், கழுவித் தாருங்கள், அந்தக் கூலியை நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள்.